மொட்டைமாடியில் அண்ணியின் ஆபீஸ்

என் அண்ணிக்கு வாய் நீளம் என்று வந்த புதிதில் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நாத்தனார் என்கிற முறையில் நானும் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கிறேன். அந்த வாய் கஸ்டமர் கேரிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையானவன். போனை அழுத்தும் அளவுக்குத்தான் கையில் வலு, மார்புக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும். அதனால் அண்ணி தன் இன்சூரன்ஸ் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினாள். கட்டிலை ஒட்டி மேஜை. திரையில் ஒரு ஆஸ்பத்திரி பில் திறப்பதற்குள் விரிப்பைப் பிடித்து ஒரு இழுப்பு, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, அண்ணன் மறுபக்கம் திரும்பியிருப்பான்.

போன மாதம் இன்டர்நெட்காரர்கள் பழைய ரூட்டரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். அன்று பிடித்தது சனி. ஆபீஸ் கணினிக்குள் நுழைய விபிஎன் என்று ஒரு பூட்டிய வழி உண்டு. அது இணைந்துவிட்டதாகப் பச்சை காட்டும், ஆனால் ஒரு பில்கூடத் திறக்காது.

ஆபீஸ் ஹெல்ப்டெஸ்கைக் கூப்பிட்டாள். "உங்க ரூட்டர் குடுக்குற நம்பரும் எங்க நம்பரும் ஒண்ணா இருக்கு மேடம். எது வீடு, எது ஆபீஸ்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல. ரூட்டர்ல மாத்தச் சொல்லுங்க."

இன்டர்நெட் கம்பெனியைக் கூப்பிட்டாள். "நெட் வருதில்ல மேடம்? அப்ப எங்க பக்கம் பிரச்சினை இல்ல. செட்டிங்கை நாங்க தொட மாட்டோம்."

"அப்ப பாஸ்வேர்ட் குடுங்க, நானே மாத்திக்கறேன்."

"அது கஸ்டமருக்குக் குடுக்கறதில்ல மேடம்."

இப்படியே பந்தாடினார்கள். நானாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்திருப்பேன். அவளோ "சரிங்க சார், சரிங்க சார்" என்று கையைப் பிசைந்தாள். ஆபீஸ் சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை முழுக்க லைன் கட் ஆகாம நிக்கலேன்னா, திங்கள்லேர்ந்து ஆபீசுக்கு வந்துடுங்கம்மா."

போனின் நெட்டில் இணைத்தால் எல்லாம் திறக்கிறது என்று வியாழக்கிழமை கண்டுபிடித்தாள். ஆனால் இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். வீட்டுக்குள் போனில் பேசலாம், நெட் மட்டும் நகராது. மொட்டைமாடிக்குப் போனால்தான் ஓடும். வெள்ளிக்கிழமை காலை நாற்காலியும் குடையுமாக மேலே ஏறினாள். "புரட்டணும்னா போன் பண்ணுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவன் முதல் தடவை கூப்பிட்டதுமே லைன் அறுந்தது. போனில் அழைப்பு வந்தால் அதில் நெட் நின்றுவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓடி வந்து அவனைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவர் போட்ட சத்தம் கட்டில் வரை கேட்டதாம். "இன்னொரு தடவை கட் ஆனா அவ்வளவுதான்."

அதற்கப்புறம் அண்ணன் கூப்பிடவில்லை. மத்தியானம் அவள் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி, சிக்னல் போய்விடாமல் பாதிப் படிவரை இறங்கிக் குரல் கொடுத்திருக்கிறாள். "தங்கச்சி வந்து புரட்டிட்டுப் போயிட்டா. அவ பாத்துக்கறாளாம், நீ வேலையைப் பாரு" என்று உள்ளேயிருந்து பதில் வந்திருக்கிறது.

சாயங்காலம் பேக்கரியில் என் வேலை முடிந்து நான் வந்தபோது, அவள் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வெயில் ஏறியிருந்தது. எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தாள்.

"நல்லவேளை நீ வந்து புரட்டினே. இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"நானா? நான் கடையை விட்டு நகரவே இல்லையே அண்ணி."

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். காலையில் அவள் படுக்கவைத்த அதே பக்கம் கிடந்தான். புரட்டியபோது விரிப்பும் சேர்ந்து வந்தது. இடுப்பில் தோல் வழன்று சிவப்பாகத் திறந்திருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனை அறையலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது.

வலி தெரியாத அந்தப் புண்ணை அவன் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைத்தான் பார்த்தான்.

"லைன் கட் ஆகலையே?" என்று கேட்டான்.

"ஆகலை" என்றாள்.