முப்பத்தொரு சதவீதத்து வீடு

அலுவலகத்தில் அவளுக்குச் 'சதவீத அக்கா' என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. எந்த வட்டாரத்தில் வீட்டு விலை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் வெளியிடும் அட்டவணையைப் பத்தொன்பது வருஷமாகத் தயாரித்து வருபவள் அவள்தான். பத்திரப்பதிவு அலுவலகங்களிலிருந்து வரும் விவரங்களைச் சேர்ப்பாள், கூட்டுவாள், வகுப்பாள், சந்தேகம் வந்தால் வாங்கியவர்களுக்கே போன் போட்டுக் கேட்பாள். "ஊர்ல இருக்கிற வீட்டு விலையெல்லாம் உன் விரல் நுனியில. நாம மட்டும் இன்னும் வாடகை வீட்ல" என்பான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவள் புருஷன். "விலை தெரிஞ்சவ எவளாவது வாங்குவாளா?" என்று அவளும் விடமாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுக் கணினி முறை வந்தது. "இனிமே போன் பண்ற வேலையெல்லாம் வேண்டாம்மா. அதுவே பாத்துக்கும்" என்றார் மேலாளர். அக்காவுக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னபடி நிறுத்திவிட்டாள்.

வினை அங்கேதான் முளைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேலாளரின் மேஜைமேல் இரண்டு பத்திரிகைகள் விரித்துக் கிடந்தன. ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் வீட்டு விலை முப்பத்தொரு சதவீதம் ஏறிவிட்டதாக ஒன்று சொன்னது. அது அக்காவின் அட்டவணையிலிருந்து எடுத்த கணக்கு. அதே ஊரில், அதே மூன்று மாதத்தில், பன்னிரண்டு சதவீதம் விழுந்துவிட்டதாக இன்னொன்று சொன்னது. அது வீடு விற்றுக் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனி வெளியிட்ட கணக்கு.

"ஒரு ஊரு ஒரே நேரத்துல ஏறவும் செய்யுமா, இறங்கவும் செய்யுமா? மேலேருந்து கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?" என்று மேலாளர் கையைப் பிசைந்தார்.

அக்கா பதில் தேடுவதற்குள் அவள் மேஜையில் போன் அடித்தது. அந்த ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு டீச்சர்.

"மேடம், இந்த முப்பத்தொண்ணு போட்டது நீங்கதானா? எங்க வீட்டுக்காரம்மா அதைக் கத்தரிச்சு எங்க கதவுலயே ஒட்டிட்டாங்க. ஊரே முப்பது ஏறிடுச்சு, நீ மட்டும் பழைய வாடகையில இருந்தா எப்படின்னு கேக்கறாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க மேடம். நான் எங்க போவேன்?"

பத்தொன்பது வருஷத்தில் ஒரு எண்ணைக் காட்டி யாரும் அவளிடம் அழுததில்லை.

உட்கார்ந்து அந்த ஊரின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மூன்று மாதத்தில் அங்கே விற்றது நாலே நாலு வீடு. மூன்று வீடுகள் பழைய விலைக்கே கைமாறியிருந்தன. நாலாவது வீடு மட்டும் அதைப்போல இரண்டேகால் மடங்குக்குப் போயிருந்தது. அரண்மனையா என்று பார்த்தால், ஓடு போட்ட இரண்டு அறை வீடு. அந்த ஒரு வீடு ஏறி உட்கார்ந்ததில் ஊர் முழுக்க விலை ஏறியதாகக் கணினி கூசாமல் எழுதியிருந்தது. வாங்கியவருக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்றாள்.

"பஸ் செலவுக்கு ரசீது வாங்கிக்கோங்க" என்றார் மேலாளர். போகச் சொல்லும் முறை அவருக்கு அதுதான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றாள். அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்ததும், கதவைத் திறந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அறுபதைத் தொடும் வயது, லாரி ஓட்டி ஓட்டித் தடித்த விரல்கள். உள்ளே பார்த்துவிட்டு மெதுவான குரலில் சொன்னார்: "விலையைப் பத்தின்னா வெளிய வந்து பேசலாம்மா. என் சம்சாரத்துக்குத் தெரியாது."

வேலியோரம் நின்று சொன்னார். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. அப்புறம்தான் சொந்தக்காரர் வீட்டை விற்கக் கிளம்பினார். பக்கத்து மனையை வாங்கியிருந்த ஒரு கான்ட்ராக்டர், இரண்டையும் சேர்த்து இடித்துக் கிடங்கு கட்டக் கேட்டார்.

"அவன் ஏத்த ஏத்த நானும் ஏத்தினேன்மா. ஊர்ல எல்லாரும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னாங்க. அந்தக் காசுக்கு மாடி வீடே வாங்கலாம். வாங்கி? அவ சுவத்தைத் தடவிக்கிட்டே மறுபடி முதல்லேருந்து கத்துக்கணும். இங்க அவ தானா சமைக்கறா, தானா கிணத்தடிக்குப் போறா, என்னையே அதட்டறா. அதுக்கு நீங்க என்ன விலை போடுவீங்க?"

லாரியை விற்றதாகச் சொன்னார். இப்போது வேறொருவர் லாரியைக் கூலிக்கு ஓட்டுகிறார். மனைவியிடம் பாதி விலைதான் சொல்லியிருக்கிறார். லாரி பட்டறையில் இருக்கிறது என்றும் ஒரு பொய்.

"யாருங்க அது? வெயில்ல நிக்க வச்சுப் பேசறீங்க, உள்ள வரச் சொல்லுங்க" என்று குரல் வந்தது.

உள்ளே போனாள். அந்த அம்மாள் அடுப்பை அணைத்து, மேல் தட்டிலிருந்து டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் டீயை ஊற்றினாள். கண் தெரியாதவள் என்று யாரும் சொல்லியிருக்காவிட்டால் அக்காவுக்குத் தெரிந்தே இருக்காது. "அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இவரு நாலு வருஷமா இன்னைக்குச் சரி பண்றேன், நாளைக்குச் சரி பண்றேங்கறாரு" என்றாள்.

லாரிக்காரர் பக்கத்துக் கடைக்கு பிஸ்கட் வாங்கப் போனார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அந்த அம்மாள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"விலை கேக்கத்தானே வந்தீங்க? என்ன கொடுத்தாருன்னு என்கிட்ட சொல்லிடாதீங்க."

"இல்லம்மா, நான்..."

"லாரி பட்டறையில இருக்காம். நாலு மாசமா எந்த லாரியம்மா பட்டறையில கிடக்கும்? இப்ப வாசல்ல வந்து நிக்கிற வண்டிச் சத்தமே வேற. நான் கேட்டா அவரு உடைஞ்சு போயிடுவாரு. அவரு சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாததாவே இருக்கட்டும்."

அக்கா டீயைக் குடித்தாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஆற்றோரத் தெருப் பக்கமும் போய் வந்தாள். போன மழையில் தண்ணீர் புகுந்த கறை ஒவ்வொரு சுவரிலும் இடுப்பளவுக்கு இருந்தது. ஆறு வீடுகளில் 'விற்பனைக்கு' அட்டை தொங்கியது. விட்டால் போதும் என்று எல்லோரும் கேட்கும் விலையைக் குறைத்திருந்தார்கள். ஒன்றுகூட இன்னும் விற்கவில்லை. கம்பெனி எடுத்துக்கொண்டது விற்ற விலையை அல்ல, விளம்பரத்தில் கேட்ட விலையை. பன்னிரண்டு சதவீதம் விழுந்தது இந்த ஒரு தெருவில்தான். இரண்டு கணக்கிலும் பொய்யில்லை. ஆனால் டீச்சர் குடியிருந்த தெருவைப் பற்றி இரண்டுமே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. அந்த லாரிக்காரர் விஷயத்தை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க, மேல அனுப்பிடறேன்" என்றார்.

"எழுத மாட்டேன் சார். நாலு வீடு வித்த ஊர்ல அது யார் வீடுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அந்தம்மா காதுக்கும் போயிடும்."

"பின்ன எதைத்தான் எழுதறது?"

"நாலு வீட்டை வச்சு ஒரு ஊர் விலையைச் சொன்னது நம்ம தப்புன்னு எழுதுவோம். இனிமே ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்துலயும் எத்தனை வீடுன்னு போடுவோம். பத்துக்குக் கீழே இருந்தா சதவீதமே வேண்டாம், கட்டத்தைக் காலியா விட்டுடலாம்."

"காலியா விட்டா பத்திரிகைக்காரன் என்னை உரிச்சுடுவான்மா."

"என்கிட்ட அனுப்புங்க சார். நான் பேசிக்கிறேன்."

மேலாளர் லேசில் அசையவில்லை. அஞ்சு வாரம் அந்தக் கோப்பு இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்குமாக அலைந்தது. 'தப்பு' என்ற சொல் 'குறைபாடு' ஆயிற்று, குறைபாடு 'மேம்படுத்த வேண்டிய அம்சம்' ஆயிற்று. அக்கா சொல்லைப் பற்றிச் சண்டை போடவில்லை, கட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பத்திரிகையின் உள்பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்குத் திருத்தம் வந்தது. அடுத்த அட்டவணையில் அந்த ஊருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. 'விற்ற வீடுகள்: ஐந்து' என்று மட்டும் போட்டிருந்தது.

டீச்சர் மறுபடி கூப்பிட்டாள். அக்கா அனுப்பிய திருத்தத்தை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினாளாம். கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தாலும், கேட்டதில் பாதியை வாடகையில் ஏற்றிவிட்டுத்தான் அந்த அம்மா ஓய்ந்தாள். "பாதியாவது தப்பிச்சதே மேடம்" என்று டீச்சர் சொன்னபோது அக்காவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "மன்னிச்சுக்கோம்மா, அது என் எண்ணு" என்றாள். "மன்னிப்புக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றாள் டீச்சர்.

அன்றைக்கு மத்தியானமே தனியார் கம்பெனியின் கணக்காளர் கூப்பிட்டார். காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டாராம். "எங்க கணக்குலயும் அந்த ஊரு இடிக்குதுங்க. நீங்க நேர்ல போனீங்களாமே, என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

"தண்ணி ஏறின தெருவைப் பாத்தேன். நீங்க விளம்பரம் போட்ட ஆறு வீடும் அங்கதான் இருக்கு" என்றாள் அக்கா. "அட்டவணையை எடுத்துக்கிட்டு வாங்க, ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். புதன்கிழமை வசதிப்படுமா?"