கேமராவில் மூன்று வருஷப் பசை

பாண்டிச்செல்விக்கு ஹாஸ்டல் சாம்பாரைக் கண்டாலே குமட்டும். மூன்று வருஷமாகக் குமட்டிக்கொண்டே தின்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. அரசியல் அறிவியலில் எம்.ஏ. சுங்குவார்சத்திரத்தில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறாள். மண்ணூர் ஹாஸ்டலில் ஒரு ரூமுக்குப் பத்துப் பேர். ஒருத்தி எழுந்து போன சூட்டிலேயே அடுத்த ஷிப்ட்காரி வந்து விழுவாள். அந்த வேர்வைப் பாயில் குப்புறக் கிடந்துதான் பிஎச்.டி. பண்ணுகிறாள். உலக நாடுகளின் வர்த்தக ஒப்பந்தங்கள், ஊர் விட்டு வந்த பெண் தொழிலாளர்களை என்ன பாடு படுத்துகின்றன என்பது தலைப்பு. அவள் விளக்க ஆரம்பித்தால் ரூமில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு ஆன்லைனில் ஆய்வுக் கூட்டம். போன தடவை கம்பெனியில் ஓவர்டைம் போட்டதில் கலந்துகொள்ள முடியவில்லை. இதுவும் தவறினால் பதிவு ரத்து.

காலை ஷிப்ட் முடிந்து அடித்துப் பிடித்து வந்து போனைத் திறந்தால், திரையில் அவள் முகத்தைக் காணோம். பழுப்பாக ஏதோ ஒன்று ஆடியது. கம்பெனிக்குள் படம் எடுக்கக் கூடாது என்று கேட்டில் செக்யூரிட்டி சின்னப்பொண்ணு தினமும், "போனக் காட்டுமே" என்று வாங்கி, கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்று வருஷப் பசை அப்படியே அடையாகிக் கிடந்தது. தன்னை ஒரு போட்டோ எடுத்துப் பார்த்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும்.

"தேங்காயெண்ண போட்டுத் தேய்ங்கக்கா," என்றாள் பக்கத்துப் பாய் பூமாரி. தேய்த்ததும் பழுப்பு மஞ்சளானது. அதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது.

"யாரும்மா அது? எங்கேர்ந்து பேசுறீங்க?" நெறியாளர் சங்கரநாராயணன் மைக்குக்குள்ளேயே மிக்சர் மென்றார்.

"லைப்ரரி, சார்."

பின்னால் யாரோ வாளியை உருட்டினார்கள்.

"நீங்க தொழிலாளிங்ககிட்ட எடுத்த முப்பது பேட்டியும் படிச்சேன். நம்புற மாதிரி இல்ல. பாத்ரூம் போக டோக்கனாம், சோத்துல புழுவாம். தொழிலாளிங்க ஒண்ணுக்குப் பத்தாத்தான் சொல்லுவாங்க. ஒரு நாளாவது ஹாஸ்டல் பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

அந்த மிக்சர் சத்தத்துக்கு முன்னால் ஹாஸ்டல் சாம்பாரே தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

"ஹாஸ்டல்லதான் சார் கெடக்கேன். லைன்லதான் நிக்கேன்."

மெல்லுவது நின்றது. "வேலை பாக்குறதா எங்கயும் சொல்லலையே. அப்ப கம்பெனில ஆட்சேபணை இல்லன்னு லெட்டர் வாங்கணும். பதினஞ்சு நாள்ல வரலேன்னா பதிவு போயிடும்." திரை அணைந்தது.

"லைப்ரரின்னே சொல்லிட்டு இருந்திருக்கலாம்லா?" என்றாள் பூமாரி.

"வாய் நிக்கலட்டி."

"சரி, மேல்படிப்புன்னு மட்டும் எழுதிக் கேளுங்க. தலைப்பச் சொன்னா அன்னைக்கே தொரத்திருவானுவ."

துரத்தினால் பாயும் போகும், படிப்பும் போகும். பாண்டிச்செல்வி ஒரு தாளைக் கிழித்துத் தொடையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேனாவைக் கடித்தாள். லைப்ரரி என்று சொன்ன ஒரு பொய்யே போதும் என்றிருந்தது. தலைப்பை முழுசாக எழுதினாள். கீழே எம்ப்ளாயி நம்பரோடு கையெழுத்தும் போட்டாள்.

பூமாரி அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"புழுவப் பத்திச் சொன்னது நாந்தானக்கா?"

"உம் பேரு எங்கயும் இல்லட்டி. பயப்படாத."

"பயம்லாம் இல்ல. நாளைக்கு எச்.ஆர். ரூமுக்கு நானும் வாறேன். நீங்க ஒத்தையில போனா அழுதுருவீய."