செல்விக்குப் படிக்க வராத மொழி

தேவிகுளம் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு வழிகாட்டும் வரைபடச் செயலியை, தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் செல்வி பைத்தான் என்ற எளிய கணினி மொழியில் எழுதியிருந்தாள். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற திறந்த மென்பொருள் அது. நான் பிறகு சேர்ந்துகொண்டேன்.

"ஆமை வேகம்" என்று சொல்லி, அத்தனையையும் வேகமான, ஆனால் கற்கக் கடினமான ரஸ்ட் மொழிக்கு மாற்றினேன். பெரிய புரோகிராமர்கள் என்னைப் பாராட்ட வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

"எனக்கு ஒண்ணும் புரியலையேண்ணே. மழையில பாதை அடிச்சிட்டுப் போனா யாரு மாத்துவா?" என்று செல்வி கேட்டாள்.

"எனக்கு அனுப்பு, நான் மாத்துறேன்."

மழைக்காலத்தில் செய்தி அனுப்பினாள்: கீழ்ப்பாதை சரிந்துவிட்டது. செயலியின் வேகத்தை இன்னும் கூட்டிக்கொண்டிருந்த நான், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பிரசவ வலி கண்ட ஒருத்தியை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ், எங்கள் வரைபடத்தை நம்பி அந்தச் சரிவின் முன் வந்து நின்றது. அவளைக் கம்பளியில் தூளி கட்டிச் சுமந்து வந்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

செல்வி என்னைத் திட்டவில்லை. "பழசுன்னா நாலு வரிண்ணே. அந்தப் பாதையை நானே அழிச்சிருப்பேன்" என்றாள்.

நான் ஏங்கிய பாராட்டும் அடுத்த வாரமே வந்தது. "என்ன வேகம்!" என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். இன்றுவரை அவருக்கு நான் பதில் எழுதவில்லை.