மூன்றாவது வீட்டின் பாரம்

மருதமுனையில் சாலிஹ் இரண்டு வீடுகள் கட்டியவர். இரண்டிலும் அவருக்குப் பாய் விரிக்க ஒரு மூலை கிடையாது. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் வாய் பிளப்பார்கள். இந்தக் கரையில் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், அதிலென்ன புதினம் என்று கேட்பார்கள். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவள் பேருக்குப் போகும். மருமகன் பெட்டியோடு வந்து இறங்குவார். உம்மாவும் வாப்பாவும் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டிலுக்கு ஒதுங்கி, அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். மூத்தவள் உம்முவுக்கு ஒன்று போனது. நடுவிலாளுக்கு ஒன்று போனது. கடைசி மகள் றிபா இன்னும் கலியாணமாகாமல் உம்முவோடு இருக்கிறாள். வளவுக்குள் இனிக் கொட்டில் போடவும் இடமில்லை. ஆகவே சாலிஹும் மனைவி சபூறாவும் ஒரு கெப் வண்டியின் முதுகில் குடியேறினார்கள்.

முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த தட்டு, அப்படியான பழைய வண்டி அது. சாய்ந்தமருதில் ஒரு வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்து, பலகையும் தகரமும் ஏற்றி, அந்தத் தட்டின் மேல் ஒரு அறை செய்துகொண்டார். உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, பின்சுவரோடு தண்ணீர் டாங்கி, கூரைக்கடியில் இடுப்பில் உடுத்துகிற கைத்தறிச் சாரன் கட்டுகள். ஊரில் அதைக் 'கூடு' என்றார்கள். மருதமுனைத் தறிகளில் சாரனும் சாரியும் எடுத்துக்கொண்டு அம்பாறை, மகாஓயா, மகியங்கனை என்று ஏறி, மலைநாட்டுச் சந்தைகளில் விற்றுவிட்டு இறங்குவார்கள். இரவில் ஏதாவது பள்ளிவாசல் முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் உறங்குவார்கள். பாவம் என்று சொன்னவர்கள் உண்டு. சபூறாவுக்கு அந்தச் சொல் அறவே பிடிக்காது. தன் அடுப்பில் தன் இஷ்டத்துக்குத் தேத்தண்ணி வைக்கிறவளைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

அவளுக்கு முதுகுதான் எதிரியானது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறது என்றார்கள். குலுக்கல் இல்லாவிட்டால் மருந்தோடு காலம் தள்ளலாமாம்; இப்படியே குலுங்கிக்கொண்டிருந்தால் கால் மரத்துப் போகுமாம். அப்படியென்றால் ஒன்று வண்டி குலுங்காமல் ஓட வேண்டும், இல்லையென்றால் சபூறா இறங்கி உம்முவின் வீட்டில் இருந்துவிட வேண்டும்.

உம்மு கெட்டவள் அல்ல. மருமகன் அக்ரமும் முகம் சுளிக்காத பிள்ளை. ஆனாலும் போன றமழானில் அங்கே தங்கியபோது, தான் ஆசையாகக் கட்டுவித்த குசினியில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று சபூறா மகளிடம் கேட்க வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்த மகள், "நீங்க போய் இருங்க உம்மா, நான் ஊத்தித் தாறன்" என்று அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பைத்தான் சபூறாவால் தாங்க முடியவில்லை.

"மகள்ட ஊட்டுல உம்மா விருந்தாளி. ரெண்டு நாளைக்கு நல்லம், மறுகா சரிவராது" என்று அவள் கணவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பின்பக்கம் தாழ்ந்து ஆடிக்கொண்டிருந்த வண்டியைத் திருத்தச் சாலிஹ் போனார். போன இடம்தான் பிழை. அது மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் வெட்டுக் காலம். நெல் லொறிகள் எல்லாம் ஒரு கராஜின் முன்னால் வரிசை கட்டி நின்றன. இந்தப் பகுதியில் வண்டி பின்னுக்குத் தாழ்ந்தால் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அச்சுக்கு மேலே வில்லுத்தகடு கூட்டு, டயருக்குக் கல்லு மாதிரிக் காற்று அடி. மூட்டை ஏற்றுகிற ஊரில் வேறு வைத்தியம் யாருக்குத் தோன்றும்? சாலிஹும் லொறிக்காரரோடு லொறிக்காரராக நின்று இரண்டு தகடு கூட்டிக்கொண்டார். தாழ்ந்திருந்த பின்பக்கம் நிமிர்ந்தது. அவருக்கும் ஒரு நிமிர்வு வந்தது.

அம்பாறை தாண்டுவதற்குள் அந்த நிமிர்வு போய்விட்டது. முன்பு ஊஞ்சல் மாதிரி ஆடிய வண்டி இப்போது குதித்தது. ஒவ்வொரு குழிக்கும் கட்டில் சபூறாவைத் தூக்கிப் போட்டது. வளைவுகளில் கூடு வெளிப்பக்கம் சரிந்து, வரலாமா விழலாமா என்று யோசித்து, பிறகு மனமில்லாமல் திரும்பி வந்தது. கையில் ஸ்டியரிங் பாரமே இல்லாமல் மிதந்தது. மகாஓயாவில் நிறுத்தியபோது சபூறாவால் இறங்க முடியவில்லை. சந்தை நாள், சனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அறுபதை நெருங்கிய மனுசன் பெண்சாதியைத் தூக்கி இறக்கினார். அவள் வெட்கத்தில் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள். ஒரு சாரன்கூட விரிக்காமல் வண்டியைத் திருப்பினார்கள். வழி நெடுக சாலிஹுக்குக் களைப்பு. நித்திரை கொண்டால் தீருகிற களைப்பு அல்ல அது; முதல் வீட்டுக்கு மணல் பறித்த நாளிலிருந்து சேர்ந்து வந்த களைப்பு.

பிறகுதான் காரைதீவில் கோகுலனிடம் போனார்கள். வான்களும் அம்புலன்சுகளும் திருத்துகிறவன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும், கதை குறைந்த ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கூட்டின் பின்மூலையைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, அது ஆடி ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காக்கா, இந்தத் தகட்டைக் கூட்டினது ஆர்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"லொறிக் கராஜில தம்பி."

"நெல் மூட்டைக்கு முதுகு நோகாது. அவங்கட கணக்கு அவங்களுக்குச் சரி. இதுக்குள்ள ஆள்தானே படுக்கிறது?"

கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். குலுக்கலை வாங்கிக்கொள்கிற சொக் அப்சோபர் நாலும் எண்ணெய் கசிந்து செத்துப் போயிருந்தன. அறையைத் தட்டோடு பிடிக்கிற போல்ட்டுகள் தளர்ந்து, வண்டி ஒரு பக்கம் போக அறை இன்னொரு பக்கம் போனது. தண்ணீர் டாங்கி பின்சுவரில் உயரத்தில் இருந்து, அரை டாங்கித் தண்ணீர் அலைகிற நேரமெல்லாம் வண்டியை இழுத்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, பாரம் முழுக்கப் பின் சில்லுக்கும் பின்னால் கிடந்தது. அதனால்தான் முன் சில்லு ரோட்டைப் பிடிக்காமல் ஸ்டியரிங் மிதந்தது.

"சாரன் இவ்வளவு பாரம் வராதே காக்கா. உள்ளுக்க என்ன கிடக்கு?"

சாலிஹ் மனைவியைப் பார்த்தார். சபூறா நிலத்தைப் பார்த்தாள்.

கோகுலன் கதவைத் திறந்து கட்டிலின் அடிப்பலகையைக் கழற்றினான். கட்டிலுக்கடியில், பின்சுவரை ஒட்டி, டைல்ஸ் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. கதவுப் பிணைச்சல்கள், யன்னல் கொளுக்கிகள், பித்தளைப் பைப்புகள். ஒரு கைகழுவும் பேசின், உடையாதபடி பழைய சாரன்களால் சுற்றி, தலையணை வைத்துக் கிடத்தியிருந்தது. மலைநாட்டுக் கடைகளில் மலிவு விற்பனை கண்ட இடமெல்லாம் றிபாவின் வீட்டுக்கென்று சபூறா வாங்கிச் சேர்த்தவை. ஒவ்வொரு தரமும் "இது ஒரு சின்னச் சாமான்" என்றுதான் ஏற்றினாள். சாலிஹும் ஒவ்வொரு தரமும் சின்னச் சாமானுக்குத்தான் தலையாட்டினார். மகள்மார் வீட்டில் வைக்கலாமே என்றால், முன்பு வைத்த பிணைச்சல்கள் அக்ரமின் கோழிக்கூட்டுக் கதவில் தொங்குகின்றன. கேட்டால், சும்மா கிடந்ததுதானே என்பார்கள். அதனால் றிபாவின் வீடு இத்தனை காலமும் துண்டு துண்டாக மகியங்கனை வளைவுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ராத்தா, நீங்க ஒரு ஊட்டுல படுத்துக்கொண்டு இன்னொரு ஊட்டைக் காவித் திரியிறீங்க" என்று அக்கா முறை வைத்துச் சொன்னான் கோகுலன். பகிடிக்குச் சொல்லவில்லை. சபூறாவும் சிரிக்கவில்லை.

சாமான் எல்லாவற்றையும் கராஜ் வாசலில் இறக்கினார்கள். கோகுலன் லொறிக் கராஜ் போட்ட தகடுகளை முதலில் கழற்றி எறிந்தான். அந்த இடத்தில் தடித்த றப்பர் மெத்தை இரண்டு வைத்தான். வண்டி மிதமாகப் போகும்போது அவை சும்மா இருக்கும், பெரிய குழியில் தாழும்போது மட்டும் தாங்கும் என்றான். புதிய சொக் அப்சோபர்கள் வந்தன. உடைசலுக்குப் போன ஒரு வானிலிருந்து குறுக்குக் கம்பி ஒன்றைக் கழற்றி, இரண்டு பின் சில்லுகளையும் இணைத்துப் பூட்டினான். ஒரு பக்கம் சரியப் பார்த்தால் மற்றப் பக்கம் இழுத்துப் பிடிக்கிற கம்பி அது. டாங்கி முன்னுக்கு வந்து, சாரதி முதுகுக்குப் பின்னால் தரையோடு உட்கார்ந்தது. கூட்டுக்கும் தட்டுக்கும் நடுவே றப்பர் விரித்து போல்ட்டுகளை இறுக்கினான். டயர்க் காற்றைக் குறைத்து, காலையில் வண்டி ஓட முதல், சில்லு குளிராக இருக்கும்போது மட்டும் அளந்து பாருங்கள் என்று சாலிஹிடம் இரண்டு தரம் சொன்னான்.

வேலை முடிந்ததும் நிந்தவூர் வரைக்கும் ஒரு ஓட்டம் போனார்கள். சபூறா பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள். சாலிஹ் ஒரு குழியைக் கண்டு வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டார். வண்டி அதில் இறங்கி, ஒரு மூச்சு வாங்கி, ஏறி நேராக ஓடியது. அடுத்த ஆட்டம் வரவில்லை. ஸ்டியரிங் கைக்குக் கனமாக, சொன்ன பக்கம் போனது. பின்னாலிருந்து ஒரு முனகலும் இல்லை. பயந்துபோய் ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். சபூறா வாயைக் கொஞ்சம் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். ஓடுகிற வண்டியில் அவள் உறங்கியதை அவர் கண்டதே இல்லை. எழுப்ப மனம் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு அவள் விழிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

திரும்பி வந்தபோது டைல்ஸ் பெட்டிகள் கராஜ் வாசலில் அப்படியே நின்றன.

"இதுகளை மறுபடி ஏத்தினா நான் செய்தது எல்லாம் வீண். ஒண்டு சாமான், இல்லாட்டி ஆள். ரெண்டையும் இந்த அச்சுத் தாங்காது காக்கா" என்றான் கோகுலன்.

சபூறா யோசிக்கவே இல்லை. அவ்வளவு நாளும் யோசித்து முடித்தவள் மாதிரி சொன்னாள்: "இஞ்சருங்க, சாமான ஏத்துங்க. என்னை உம்முட ஊட்டுல உடுங்க. மூலைக்குள்ள கிடந்திட்டுப் போறன். றிபாக்கு வயசு போகுது. ஊடு இல்லாட்டி ஆரு வந்து கேப்பான்?"

சாலிஹ் அவளைப் பார்த்தார். உறக்கத்தின் தடம் இன்னும் அவள் கன்னத்தில் இருந்தது. அவர் சண்டை பிடிக்கிற ஆள் அல்ல. மருமக்கள்மார் கேட்டது, சம்பந்தி வீட்டார் கேட்டது எல்லாவற்றுக்கும் ஓம் போட்டே தலை நரைத்தவர். கோகுலன் பக்கத்தில் நிற்கிறான் என்பதையும் பாராமல் சொன்னார்:

"ரெண்டு ஊடு குடுத்தாச்சு புள்ள. மூணாவதுக்கு உன்னக் குடுக்க எனக்கு ஏலா."

சபூறா சால்வையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள். கோகுலன் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டான்.

சாமானைக் கைமெசின் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி முன்னால் விட்டு, சாலிஹ் பின்னால் ஊர்ந்துகொண்டு போனார். பின்னேர அஸர் தொழுகை முடிந்து சனம் பள்ளியால் வருகிற நேரம் மருதமுனை போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிகளை உம்முவின் முற்றத்தில் இறக்கிவிட்டுக் கைமெசின்காரன் போனான். கல்முனையில் மருந்துக்கடையில் நிற்கிற றிபா அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். சாரன் சுற்றிய பேசினைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கா உம்மா இதெல்லாம்?" என்று முகம் மலரக் கேட்டாள்.

சபூறா வாய் திறக்க முதல் சாலிஹ் முந்திக்கொண்டார். வாப்பாவின் வாயால்தான் அது வர வேண்டும் என்று வழியிலேயே முடிவெடுத்திருந்தார்.

"உனக்கெண்டுதான் மகள் உம்மா சேத்த. ஆனா ஊடு கட்டி முடிக்க வாப்பாட உடம்புல இனி ஒண்டும் இல்ல. இத இனிக் காவவும் ஏலா. காவினா உம்மா நடக்க மாட்டா."

றிபாவின் முகத்தில் மலர்ந்தது மெல்ல அடங்கியது. கோபம் வரும், அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். இரண்டும் வரவில்லை. அவள் பெட்டிகளைப் பார்த்தாள், உம்முவின் வீட்டைப் பார்த்தாள், வாசலில் நின்ற கூட்டைப் பார்த்தாள். பிறகு, வழி கேட்கிற ஆள் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப நான் எங்க வாப்பா இரிக்கிற?"

இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் வாப்பாமாரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். சாலிஹும் இரண்டு தரம் அதைச் செங்கல்லாலும் சீமெந்தாலும் சொன்னவர். இப்போது தேடிப் பார்த்தார். களைப்புத்தான் இருந்தது.

"தெரியாது மகள்" என்றார்.

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் குனிந்து ஒரு பெட்டியின் அடியில் கைகொடுத்தார். மழை வருமுன் கூரைக்கடியில் வைக்க வேண்டும். பெட்டி அசையவில்லை. றிபா கைப்பையை நிலத்தில் வைத்துவிட்டு வந்து மற்றப் பக்கத்தில் குந்தினாள்.

"தனியத் தூக்காதீங்க வாப்பா. நானும் பிடிக்கிறன்."