பிரிண்டர் ஜன்னலில் ஓர் ஓட்டை

தார்வாடில் அந்தப் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தில் ரேணுகா படிகேருக்கு ஒழுங்கான நாற்காலிகூட வாய்த்ததில்லை. பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியம். ஆனாலும் நாற்பது கணினிகளுக்கும் தலைமைக் கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது. யார் எதை நிறுவ வேண்டுமானாலும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் நாலு மணிக்கு யாராவது ஒருவர் அவள் மேஜையில் கிர்மிட் பொரிப் பொட்டலம் கொண்டுவந்து வைப்பார். லஞ்சமெல்லாம் இல்லை, மரியாதை. அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை.

"அடுத்த யுகாதிக்குள்ள உங்களைப் பர்மனென்ட் ஆக்கிடறேன்" என்று பதிவாளர் இட்னாள் 2013இல் சொல்லியிருந்தார். அதை நம்பிக்கொண்டே யுகாதிகளைக் கடத்தினாள்.

ஒருநாள் பிரிண்டர் ஒன்றைச் சேர்க்கும்போது பாதுகாப்பில் ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. பிரிண்டர் சேர்க்கும் ஜன்னல் கடவுச்சொல் கேட்பதில்லை. அதில் உதவிப் பொத்தானை அழுத்தினால் இன்னொரு ஜன்னல், முழு அதிகாரத்தோடு திறந்துகொள்கிறது. எந்தக் குமாஸ்தாவும் இரண்டே நிமிடத்தில் கணினிக்கு எஜமானாகிவிடலாம். மென்பொருள் கம்பெனிக்கு எழுதினாள். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரால் மட்டுமே முடியும் என்பதால் அவசரமில்லை என்று பதில் வந்தது. கணினி முன்னால் உட்காராமல் கூரைமேலா உட்காருவார்கள்?

இட்னாளிடம் போனாள். "உங்க ரூம்ல தனியா காட்டறேன் சார்."

"இதுல என்ன ரகசியம்? டீ வந்துருச்சு, எல்லாரும் வாங்கப்பா. ரேணுகா ஏதோ வித்தை காட்டறாங்களாம்."

அப்போதே மறுத்திருக்க வேண்டும். பாராட்டுக்கு ஏங்கிக் கிடந்த மனசு, காட்டிவிட்டாள். கைதட்டினார்கள்.

மறுநாளே கிர்மிட் நின்றது. "உங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு? நாங்களே பாத்துக்கறோம்" என்றான் குமாஸ்தா சங்கண்ணா. அவன் இறக்கிய சீட்டு விளையாட்டோடு வைரஸும் வந்து, மூவாயிரம் ஹால் டிக்கெட்டுகளை அழித்தது.

"அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டார் இட்னாள்.

"எல்லாரையும் கூப்பிட்டது நீங்கதானே சார்."

"எதிர்த்து வேற பேசறீங்களா?"

சங்கண்ணா நிரந்தர ஊழியன், அவனுக்கு ஒரு மெமோவோடு போயிற்று. அவளுடைய ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்கப்படவில்லை. இளைத்தவள் தலையில்தான் எல்லாம் விடியும்.

ஆகஸ்டில் மென்பொருள் கம்பெனி அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியிட்டது. கண்டுபிடித்தவள் என்று அவள் பெயர் அதில் எங்குமில்லை. சங்கண்ணா அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போய் எல்லாக் கணினிகளிலும் திருத்தத்தை நிறுவினான். ஓட்டை அடைபட்டது. பிறகுதான், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்பது அவர்களுக்கு உறைத்தது.

ஜெராக்ஸ் கடையில் வேலையாக இருந்தவளுக்கு இட்னாளிடமிருந்து போன். "ரேணுகா, நல்லாருக்கீங்களாம்மா? அந்தப் பாஸ்வேர்டு..."

"கடைசி நாள் கவர்ல போட்டு உங்க கையிலதான் குடுத்தேன் சார்."

"அதை யாரு பிரிச்சுப் பாத்தா? இப்ப சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாரக் கடைசியில் பரீட்சை. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"பர்மனென்ட்... அப்புறம் 2014. இதென்னம்மா பாஸ்வேர்டு?"

"நீங்க குடுத்த வாக்கு சார். நீங்க சொன்ன அடுத்த யுகாதி அந்த வருஷம்தான்."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ம், திறந்துருச்சு" என்று போனை வைத்துவிட்டார்.