வீட்டுக்குள் ஆவாரம்பட்டை

ஆம்பூரில் தோல் பதனிடும் தொட்டிகள் நாலைந்து வைத்திருந்த மக்பூல் அகமதுவுக்குச் சில்லறையாக வாங்குவதே பிடிக்காது. தோலைப் பதமாக்கும் துவர்ப்புக்கு வேண்டிய ஆவாரம்பட்டையைக் கோடையிலேயே, விலை மலிவாக இருக்கும்போது, வண்டி வண்டியாக இறக்கிவிடுவார். ஒரு வருஷம் கொட்டகை நிறைந்துபோய், மிச்சத்தை வீட்டுக்குள் அடுக்கினார். கட்டில் தாழ்வாரத்துக்குப் போயிற்று.

“இது இன்னா வீடா, மண்டியா? பொண்ணு பாக்க வர்றவங்க எங்க குந்துவாங்க?” என்று கத்தினாள் மனைவி ஜஹீதா.

அடைமழையில் வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வேறு வழியில்லாமல் பட்டைக்கட்டுகள் மேலேயே ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தார் மக்பூல். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று கதவுக்குப் பின்னால் நின்ற ஜஹீதா முடிவே கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளையின் தகப்பனாரும் தோல்காரர். ஜமுக்காளத்தை விலக்கி, ஒரு துண்டுப் பட்டையை ஒடித்து மென்றார். நாக்கை இழுத்த துவர்ப்பில் முகம் மலர்ந்தது.

“மழையில பட்டை கெடைக்காம எங்க தொட்டிங்கல்லாம் சும்மா கெடக்குது. இங்க வீடு பூரா பட்டை! இந்த வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும், பாய்.”

அவர்கள் போனதும், அத்தனை நாள் திட்டித் தீர்த்த கட்டுகள் மேல் ஜஹீதா முதுகைச் சாய்த்தாள்.

“அடுத்த கோடைக்கு சமையல்கட்டையும் காலி பண்ணித் தர்றேன்” என்றாள்.