அளவுக்கம்பில் கட்டிய கன்று

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்று யாராவது சொன்னால் மாமிக்குப் பிடிக்காது. மாரியில் மட்டும் ஓடினாலும் வழுக்கையாறு ஆறுதான் என்பார். அப்பாவின் தமக்கையான அவருக்குக் கூட்டுறவுக் கடையில் வேலை. ஆனால், சம்பளமில்லாத வேறொரு வேலையில்தான் அவருடைய மனம் இருந்தது. ஆற்றோரக் கிராமங்களில் சிலர் சேர்ந்து தண்ணீரைக் கவனித்து வந்தார்கள். எங்கள் மதகடி மாமியின் பொறுப்பு. அங்கே நட்டிருந்த அளவுக்கம்பைக் காலையும் மாலையும் பார்த்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று தொலைபேசியில் வைபர் குழுவில் எல்லோருக்கும் அனுப்புவார். இடைக்கிடை போத்தலில் தண்ணீர் அள்ளி, நிறம் மாறும் கடதாசியை அதில் தோய்த்துப் பார்ப்பார்; முகர்ந்தும் பார்ப்பார்.

"ஓடுற தண்ணிக்குச் சாதகம் எழுதுறா" என்று மாமா சிரிப்பார்.

அந்த வருடம் மாமா ஒரு நாம்பன் கன்று வாங்கினார். மதகடியில் நல்ல புல். கன்றைக் கட்டத்தான் கட்டை இல்லை. கண்ணுக்கு முன்னால் அளவுக்கம்பு நின்றது. அதைப் பிடுங்கி மேட்டில் நட்டுக் கன்றைக் கட்டினார். பொழுதுபட முன்னர் கம்பைத் திருப்பி வைக்கப் போனபோது பழைய குழி சேற்றில் மூடிக் கிடந்தது. கரைப்பக்கமாகக் கொஞ்சம் மேட்டில் தள்ளி ஊன்றிவிட்டார். "மாமிக்குச் சொல்லிப்போடாதை" என்று எனக்குத் தோடம்பழ இனிப்பு ஒன்று தந்தார். ஒரு கம்பு கொஞ்சம் தள்ளி நிற்பதில் என்ன இருக்கிறதென்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்த நாளே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகிக் கம்பின் அடியை மூடியதால், அது இடம் மாறியதை மாமி கவனிக்கவில்லை.

கீழே, ஆற்றோரப் பள்ளக் காணியில்தான் மாமியின் மகள், என் மச்சாள், கைக்குழந்தையோடு இருந்தாள். புருசன் கொழும்பில் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கட்டோ என்று காலையில் தொலைபேசியில் கேட்டாள்.

"இன்னும் அவ்வளவுக்கு ஏறேல்லை, பிள்ளை. குளிருக்குள்ளை குழந்தையைக் கொண்டு திரியாதை" என்றார் மாமி. கம்பு அப்படித்தான் காட்டியது.

மத்தியானம் மழை கொஞ்சம் விட, மாமி, மாமா, நான் மூன்று பேரும் மதகடிக்குப் போனோம். மாமி கம்பைப் பார்த்தார். மதகைப் பார்த்தார். மறுபடியும் கம்பைப் பார்த்தார். தண்ணீர் மதகுப் பாலத்தின் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டு ஓடியது.

"கம்பு குறைவாக் காட்டுது. தண்ணி மதகை முட்டுதே! இதென்ன இது?"

"மாமாதானே மாமி அதைப் பிடுங்கி நட்டவர், கன்றுக்குட்டி கட்ட" என்றேன். இனிப்பு எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

மாமி மாமாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்து எல்லோருக்கும் குரலிலேயே அனுப்பினார்: "காலமை நான் அனுப்பின அளவு பிழை. தண்ணி கடுமையா வருது. கீழை இருக்கிற ஆக்கள் இப்பவே எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ." யாரால் பிழை என்று சொல்லவில்லை. பிறகு மச்சாளுக்கு எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்.

நான் நிமிர்ந்தபோது மாமாவின் குடை தரையில் கிடந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்தும் மாமி ஈரச் சேலையை மாற்றவில்லை. பின்னேரம் யாருடைய தொலைபேசியிலிருந்தோ மாமா கதைத்தார்.

"இஞ்சாரும்... ரெண்டு பேரும் என்னோடைதான் நிக்கினம். பள்ளிக்கூடத்திலை. பயப்பிடாதையும்."

மாமி அப்படியே சீமெந்துத் தரையில் இருந்துவிட்டார். "கடவுளே, கடவுளே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் தொலைபேசியை வாங்கி மிச்சத்தைக் கேட்டார். அவர்கள் வெளியேறிக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். குழந்தையின் ஏணைத் தொட்டில் நனைந்து மிதந்ததாம். அந்தப் பக்கத்தில் எல்லோரும் தப்பிவிட்டார்கள்.

மறுநாள் வெயில் எறித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வகுப்பறை முழுக்கச் சனம், பாய், சோற்றுப் பார்சல். கண்டவர்களெல்லாம் மாமியின் கையைப் பிடித்து, "நேரத்துக்குச் சொன்னியள், அக்கா" என்றார்கள். மாமி தலையை மட்டும் ஆட்டினார்.

மாமா ஒரு மூலையில் வாங்குப் பலகையில் குழந்தையை மார்போடு அணைத்தபடி இருந்தார். விடிய முந்தியே வாங்கிக்கொண்டவராம். பால் குடுக்க மட்டும் மகளிடம் குடுத்துவிட்டு உடனே திருப்பி வாங்கினாராம். அம்மா கை நீட்டினார்; மாமா கொடுக்கவில்லை. மாமி கேட்கவேயில்லை. ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்து, வெளியே தெரிந்த குழந்தையின் காலைத் துணியால் மூடிவிட்டார்.

"கை நோகேல்லையே மாமா? நான் கொஞ்சம் தூக்கட்டே?" என்றேன்.

மாமா இல்லையென்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. குழந்தையை அவர் தாலாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூட முற்றத்து வெள்ளத்தில் கப்பல் விட நான் ஓடிப்போனேன்.